சூசைதாசன் இசையமைத்த பேய்ப்படம்

கிளிபோட் யாரையும் இலேசில் நம்புகிற ஆளில்லை. டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடிக்குக் குடிவந்து பதினெட்டு வருஷமாகியும், லிஃப்ற் வரைக்கும் போனவர் திரும்பிவந்து வீட்டுப் பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். கிழமை நாட்களில் மருந்துக் கிடங்கில் வேலை. சனி ஞாயிறில் றொக் குழுவொன்றில் கீபோர்ட்.

அப்படிப்பட்டவருக்கு இத்தாலியிலிருந்து ஒரு மின்னஞ்சல். எழுதியவர் ஓர் இயக்குநர். யூடியூப்பில் உங்கள் வாசிப்பைக் கேட்டேன், என்னுடைய பேய்ப்படத்துக்கு நீங்கள்தான் இசை போடவேண்டும் என்றிருந்தது.

"உது கள்ளர்," என்று மனைவி பேர்ணடெற்றிடம் சொன்னார் கிளிபோட். "அடுத்ததா பாங்க் நம்பர் கேப்பாங்கள், பார்."

அவர்கள் படத்தைத்தான் அனுப்பினார்கள். மலைக்கிராமம், மூடிக்கிடக்கும் கிணறு, உள்ளேயிருந்து கூப்பிடும் பெண்குரல். கிளிபோட் மூன்று மாதம் அதோடேயே கிடந்தார். கட்டடத்தின் நிலக்கீழ் லோண்டரி அறையில் ட்ரையர் உறுமுவதைப் போனில் பதிந்து, சுருதியை இறக்கி அடியில் ஓடவிட்டார். மேலே ஐந்தே சுரம். ஐந்தாவது மட்டும் வரவேண்டிய நேரத்தில் வராது. இனி வராது என்று மனம் ஆறும்போது வரும். அதைக் கேட்டபிறகு பேர்ணடெற் தனியே உடுப்புத் தோய்க்கப் போனதில்லை.

ஒரு சனி காலை முடிந்த படத்தின் இணைப்பு வந்தது. இருவரும் தேத்தண்ணியோடு இருந்து பார்த்தார்கள். கடைசியில் பெயர்கள் ஓடின. இசை: சூசைதாசன் சி.

"சொன்னனான் எல்லே! என்ர பேரைத் தூக்கிப்போட்டாங்கள்!"

"அது மாமான்ர பேரப்பா."

"அதுதானே! அப்பான்ர பேர் உவனுக்கு எப்பிடித் தெரியும்? எங்கட குழு றிச்சர்ட் குடுத்திருப்பான். தன்னை ட்ரம்ஸ் அடிக்கக் கூப்பிடேல்லை எண்ட எரிச்சல்."

பேர்ணடெற் இயக்குநரோடு செய்த ஒப்பந்தத்தைக் கணினியில் திறந்தார். திரையில் வரவேண்டிய பெயர் என்ற கட்டத்தில் கிளிபோட் தானே 'சூசைதாசன் சி.' என்று எழுதியிருந்தார். பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் முன்னுக்கு, தன் பெயர் பின்னுக்கு. முழுப்பெயரும் கொடுத்தால் கள்ளக் கையெழுத்து வைப்பார்கள் என்று பயந்து, பின்னுக்கிருந்ததை அதன் ஆங்கில முதலெழுத்தான 'சி' (C) ஆகக் குறுக்கியிருந்தார்.

"கீபோர்ட்டைப் பிசாசின்ர பெட்டி எண்டு ஏசின மனுசன்," என்று பேர்ணடெற் சிரித்தார். "கோயில் மூப்பரா இருந்தவரைப் பேய்ப்படத்தில கொண்டுபோய் விட்டிட்டியள்."

கிளிபோட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் முதன்முதலாகத் திரைக்கு வரவிருந்த பெயர். இயக்குநருக்கு எழுதினார். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: தியேட்டருக்குப் போக இன்னும் நாளிருக்கிறது, மாற்றலாம், வேண்டிய பெயரை முழுதாக எழுதுங்கள்.

'கிளிபோட் சூசைதாசன்' என்று அடித்தவரின் விரல் அந்தரத்தில் நின்றது.

"ஏன் உவன் உவ்வளவு கெதியா ஓமெண்டுறான்?"

பேர்ணடெற் கையை நீட்டி அனுப்பிவிட்டார்.

கிளிபோட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்து தன் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தார். மூடினார். பிறகு திரும்பவும் ஒருக்கால் திறந்தார்.