வீங்க இடமில்லாத வலி

பல் பிடுங்குகிறவனைத் தேடி யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், 1950களில் தொடங்கிப் பன்னிரண்டு வருடம் நான் டிஸ்பென்சராக இருந்தேன். மருந்து கலப்பது, புண் கட்டுவது, ஊசி போடுவது, இவைதான் நான் படித்த வேலை. ஆனால் பல் டாக்டர் நுவரெலியாவில் இருந்தார், வலி தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் இருந்தது. அதனால் குறடும் என் கைக்கு வந்தது. "டாக்டரையா" என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் மறுத்ததில்லை.

பல் வலி கண்ட உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பல்லுக்கு நடுவே நூல் பருமனில் ஒரு சதை இருக்கிறது. நரம்பும் இரத்தமும் அதற்குள்தான். உடம்பில் வேறெங்கே வீங்கினாலும் தோல் இளகிக் கொடுக்கும். இங்கே சுற்றிலும் கல் மாதிரிச் சுவர், வீங்க இடமில்லை. மிச்சம் உங்களுக்கே தெரியும்.

மேல் பல்லா, கீழ்ப் பல்லா?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும் ராமையா வந்தார். வலது பக்கம் மேல் கடைவாய்ப் பல்லைத் தொட்டுக் காட்டி, "இதுதானுங்க, சத்தியமா இதுதான்" என்றார். மரத்துப்போகும் ஊசி அந்த மாதம் தீர்ந்திருந்தது. இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொள்ள, பிடுங்கினேன். கழுவிப் பார்த்தால் பல்லில் ஒரு பழுதும் இல்லை.

மறுநாள் காலையில் ராமையா மறுபடி வாசலில் நின்றார். வலி அப்படியே இருந்தது. அப்போதுதான் ஒழுங்காகத் தேடினேன். அதே பக்கத்தில் ஒரு கீழ்ப் பல், அடுத்த பல்லோடு ஒட்டிய இடத்தில் குழிவிழுந்திருந்தது. உள்ளே இருக்கும் சதை வலித்தால் எந்தப் பல் என்று நோயாளிக்கே பிடிபடாது என்பது நான் படித்த பாடம்தான். கீழ்ப் பல்லையும் பிடுங்கினேன். ராமையா இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு முந்தின நாள் பல்லை விரலால் தள்ளிக் கேட்டார்: "அப்ப இது என்ன பாவம் பண்ணுச்சுங்க?"

வாய் நிறையத் தண்ணீர்

மூக்காயி கொழுந்து எடுப்பவள். முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுள்ளென்று இழுத்திருக்கிறது. அப்போது அவள் வரவில்லை. பிறகு தேத்தண்ணி குடித்தால் உயிர் போகிற வலி. பச்சைத் தண்ணீரை வாயில் வைத்திருந்தால் மட்டும் அடங்கியது. சதை அழுகத் தொடங்கியதற்கு அது அடையாளம், அவளுக்கோ அதுவே மருந்து. மலை ஊற்றுக்கு வைத்த பீலியில் ஒரு போத்தல் தண்ணீர் பிடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கொழுந்தெடுக்க மலைக்குப் போனாள். வாயில் இருக்கிற தண்ணீர் சூடானால் துப்பிவிட்டு மறுபடி ஊற்றிக்கொள்வாள். இப்படி நாலு நாள்.

ஐந்தாம் நாள் காலை, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில், கணக்கப்பிள்ளை அவள் பேரைக் கூப்பிட்டார். வாய் நிறையத் தண்ணீரோடு கையை மட்டும் தூக்கினாள். இரண்டாம் முறையும் கையைத்தான் தூக்கினாள். வாயைத் திறந்து பதில் சொல்லாத திமிர் என்று நினைத்து, அன்றைக்கு வேலை இல்லை என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார். அவள் நேராக என்னிடம் வந்தாள். பல்லைப் பிடுங்கிப் பஞ்சைக் கடிக்கக் கொடுத்தேன். பஞ்சை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: "தண்ணியத் துப்பிட்டுப் பதில் சொல்லியிருக்கலாந்தான். துப்புனா அழுதுருவேங்கய்யா, அத்தன பேருக்கு முன்னால."

துரைக்கு வந்த பல் வலி

தோட்டத்தை நடத்தும் துரைக்கும் ஒரு தடவை பல் வலி வந்தது. காரில் கொழும்புக்குப் போனார். ஒரு வாரம் கழித்துத் திரும்பியபோது பல் வாயிலேயே இருந்தது, மேலே தங்கத்தில் ஒரு தொப்பி. இதை எனக்குச் சொன்னவர் பங்களாவில் சமையல் செய்த செபமாலை. இருமல் மருந்துக்கு வந்த இடத்தில் கேட்டார், அது எப்படி முடியும் என்று. மெல்லிய கம்பியால் உள்ளே இருக்கிற கெட்ட சதையை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, துவாரத்தை அடைத்துவிடுவார்கள் என்று விளக்கினேன். செபமாலையின் வாயில் ஆறு பல் இல்லை. நாலு என் குறட்டில் போனவை. அவர் மருந்துப் போத்தலை மடியில் செருகிக்கொண்டு கேட்டார்: "அப்ப பல்லு வேற, வலி வேறயா? நான் ரெண்டும் ஒண்ணுன்னுல்ல இத்தன நாளா நெனச்சிருந்தேன்."

நின்றுபோன வலி

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பல தடவை யோசித்ததுண்டு.

அஞ்சலைக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். புருஷன் ஆறுமுகம் தேயிலை ஃபெக்டரியில் வேலை. மூன்று நாள் தூங்காத கண்ணோடு திங்கட்கிழமை வந்தாள். கராம்பு எண்ணெய் வைத்து அனுப்பி, வியாழக்கிழமை வா, பிடுங்குகிறேன் என்றேன். வியாழக்கிழமை சிரித்துக்கொண்டே வந்தாள். வலி நின்றுவிட்டதாம், பிடுங்க வேண்டாமாம். வாசலில் முப்பது பேர் காத்திருந்தார்கள். "நல்லதாப் போச்சு, போயிட்டு வா" என்று அனுப்பிவிட்டேன். சதை செத்துப்போனால் வலி நின்றுவிடும், செத்தது உள்ளே கிடந்து சீழ் கட்டும் என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து ஆறுமுகம் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தான். தாடைக்குக் கீழே பலகை மாதிரி இறுகியிருந்தது. நாக்கு மேலே எழும்பி நின்றது. எச்சில்கூட விழுங்க முடியவில்லை. பெனிசிலின் போட்டேன். தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நானுஓயா ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. அது திரும்பி வர மத்தியானமாகிவிட்டது. நானும் லொறியில் ஏறினேன். அவள் படுக்க மாட்டேன் என்று உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தாள். ஆஸ்பத்திரிக்கு இன்னும் மூன்று மைல் இருக்கும்போது தவிப்பு அடங்கியது.

அதற்குப் பிறகு, வலி நின்றுவிட்டது என்று வருகிறவர்களைத்தான் முதலில் நாற்காலியில் உட்கார வைத்தேன். ஆறுமுகம் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள், கையில் பட்ட வெட்டுக்கு மருந்து கட்ட வந்தான். நான் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான்: "வலி நின்னுருச்சுன்னு அன்னிக்கு அவ லயத்துல எல்லாருக்கும் சீனி போட்டுத் தேத்தண்ணி ஊத்துனாங்கய்யா."

விசாரணைக்குப் போனவர்

இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டவர்களை ஒவ்வொருவராக நுவரெலியாவுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்த காலம். பழனியாண்டி ஐம்பதை நெருங்கியவர். அவருடைய தேதிக்கு மூன்று நாள் முன்னால் கீழ்க் கடைவாய்ப் பல் சீழ் வைத்துக் கன்னம் வீங்கிவிட்டது. தாடை பூட்டிக்கொண்டு, சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு மேல் வாய் திறக்கவில்லை. பல்லைக் கடித்தபடியே "பிடுங்கிருங்கய்யா, பேசணும்" என்று கெஞ்சினார். திறக்காத வாய்க்குள் குறடு எப்படி நுழையும்? பெனிசிலின் போட்டு அனுப்பினேன்.

அங்கே நடந்ததை அவர் மனைவி செல்லம்மா பிறகு என்னிடம் சொன்னார். எங்கே பிறந்தாய், அப்பா எப்போது வந்தார், இடையில் இந்தியாவுக்குப் போனாயா என்று கேட்டிருக்கிறார்கள். இவர் சொன்னது மொழிபெயர்ப்பாளருக்கே புரியவில்லை. செல்லம்மா பதில் சொல்லப் போனபோது, மனுக்காரர்தான் பேச வேண்டும் என்று உட்கார வைத்துவிட்டார்கள். பதில்கள் தெளிவாக இல்லை என்று எழுதிக்கொண்டார்களாம். சில மாதம் கழித்து, மனு தள்ளப்பட்டது என்று கடிதம் வந்தது. தாடை பூட்டியிருக்கிறது, வேறு தேதி கொடுங்கள் என்று நான் நாலு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம். ஊசி போடத் தோன்றிய எனக்கு அது தோன்றவில்லை.

வீக்கம் வடிந்த பிறகும் பழனியாண்டி வரவில்லை. அந்தக் கடிதம் கிடைத்த மறுநாள்தான் வந்தார். பல்லைப் பிடுங்கினேன். இரத்தத்தைத் துப்பி, வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார். ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக விழச் சொன்னார்: "எம் பேரு பழனியாண்டிங்க. அப்பா பேரு சின்னக்கருப்பன். பொறந்தது இதே தோட்டம், பத்தாம் நம்பர் லயம். கடலத் தாண்டி ஒரு நாளும் போனதில்லீங்க."

இத்தனையும் ஆன பிறகு, எனக்கே கடைவாய்ப் பல் வலித்தபோது, என்னைப் போன்ற ஒரு டிஸ்பென்சரிடம் மட்டும் போய் வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.