முகம் பார்த்துக் கொடுக்கும் துப்பாக்கி

லீட்ஸ் வியாபாரி அனுப்பிய என் ஏர் ரைபிள் என்ற காற்றுத் துப்பாக்கி சவுத்தால் துப்பாக்கிக் கடைக்கு வந்திருந்தது. வாங்குபவரை நேரில் பார்த்து, அடையாள அட்டையைச் சரிபார்த்துத்தான் கையில் கொடுக்க வேண்டும், அதுதான் சட்டம். மறுநாள் காலை எனக்கு முதல் சுடும் போட்டி. அட்டையோ ரெய்னர்ஸ் லேன் வீட்டில். போனில் அதன் படம்தான் இருந்தது.

"அண்ணை, கோயிலிலை ஒவ்வொரு வெள்ளியும் என்னைக் காணுறியள்தானே?"

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். எதைச் சொல்வதற்கு முன்னும் துடைப்பார்.

"ஓம், காணுறன். அதைப் பதிவுப் புத்தகத்திலை எழுதேலாது தம்பி. ஆறு மணிக்குப் பூட்டுவன், ஓடும்!"

ஓடினேன். திரும்பியபோது மணி ஏழு. நரைமீசைக் கடைக்காரர் வாசலிலேயே நின்றார். மறுபடியும் கண்ணாடியைத் துடைத்து, அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிறந்த திகதியைச் சொல்லும்."

எனக்காகவே கடையைப் பூட்டாமல் நின்ற மனிதர்! நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் கோபமும்.