மகள் அழிக்கப் பார்த்த மலை வீடியோ

கோபத்தில் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் இல்லாவிட்டாலும் பிழை இருக்கும், அது வேறு கதை.

நேற்று மகளும் நானும் தொழிலாளர் லயத்தில் நாங்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே உள்ள மலையுச்சிக்கு ஏறினோம். வழியெல்லாம் அவள் பேசிப் பேசி வீடியோ எடுத்தாள். இன்று ஹட்டன் பஸ்ஸில் அதைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

பக்கத்து சீட் ஐயா எட்டிப் பார்த்தார்.

"லயத்துப் புள்ளைக்கு மலை ஏறுறது என்னம்மா அதிசயம்? இதப் போயி படம் புடிச்சிக்கிட்டு!"

அவர் போனிலோ ஒரு வெள்ளைக்காரர் அதே மலையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அதற்கு அவர் லைக் வேறு போட்டிருந்தார்!

மகள் முகம் சுருங்கிவிட்டது. "அழிச்சிர்றேன்ப்பா" என்றாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "வெளியாளு ஏறுனா சாதனை, எம்புள்ள ஏறுனா வெட்டி வேலையாங்க?" என்று கத்தினேன். போனை வாங்கிச் சத்தத்தை முழுசாகக் கூட்டினேன்.

அட்டை ஏறாமல் இருக்கக் காலில் சவுக்காரம், அதாவது சோப்பு, பூசாமல் போய், அது கடித்து நான் "ஐயோ அம்மா" என்று அலறும் இடம் அதில் வரும் என்பதை மறந்துவிட்டேன்.

கண்டக்டர் கேட்டார், "கடிச்சது அட்டையா, புலியாண்ணே?"

பஸ்ஸே சிரித்தது. ஐயா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அழிக்கவில்லை.

வீடியோ கீழே இருக்கிறது. உங்கள் பிள்ளைகளிடமும் அவர்கள் ஏறிய மலைகளைக் கமெண்டில் போடச் சொல்லுங்கள். அப்பாமாரின் அலறலை மட்டும் வெட்ட வேண்டாம். நான் ஒருத்தனே எத்தனை நாளைக்கு அசிங்கப்படுவது?