மச்சான் சொன்ன இரண்டாம் பாகம்

சிறகன் படத்தின் மூன்றாம் பாகம் வரப்போகிறதாம். என் கூடப்பிறந்த ராத்தாவின் பிள்ளைகள் இரண்டுக்கும் இப்போது வேறு பேச்சில்லை. முன்னோட்டத்தைப் போனில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, அதில் ஒரு கணம் தோன்றி மறைகிற நிழல் யாருடையது என்று சண்டை பிடிக்கிறார்கள். சண்டை முற்றினால் வழக்கு என்னிடம் வரும். சித்திரக்கதையில் தொடங்கிச் சிறகனைக் கரைத்துக் குடித்தவள் என்று எனக்கு வீட்டில் ஒரு பெயர் உண்டு. இரண்டாம் பாகத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் நான் கொஞ்சம் தயங்குவேன். எனக்குத் தெரிந்த இரண்டாம் பாகங்கள் இரண்டு. அதில் ஒன்று எந்தத் தியேட்டரிலும் ஓடாதது.

சிறகன் எங்கள் வீட்டுக்குச் சாறிக் கட்டுக்குள் ஒளிந்துதான் வந்தான். மாமா கல்முனை பஸாரில் புடைவைக் கடை வைத்திருந்தார். சரக்கெடுக்க இந்தியாவுக்குப் போய் வரும்போதெல்லாம் தன் மகனுக்கும் எனக்குமாகத் தமிழ்ச் சித்திரக்கதைப் புத்தகங்கள் கொண்டுவருவார். "பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு இந்தச் சண்டப் புத்தகம்?" என்று உம்மா கேட்டுக் கேட்டு அலுத்துப் போனாள். சிறகன் ஒரு கப்பல் தொழிலாளி. முதுகில் சாம்பல் நிறச் சிறகு முளைத்தவன். கெட்டவர்களைத் துரத்திவிட்டு அவன் இருட்டில் திரும்பி வரும்போது, கரையிலுள்ள வெளிச்சவீட்டில் லீனா என்ற பெண் விளக்கேற்றி வைத்திருப்பாள். அதைப் பார்த்துத்தான் அவன் வழி பிடிப்பான். விளக்கு, பெண் இதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. நான் பக்கம் புரட்டியது சண்டைக்காகத்தான்.

அந்தக் கதையை வெளிநாட்டுக்காரர்கள் படமாக்கினார்கள். முதல் பாகத்தின் கடைசியில் சிறகனின் சிறகு பற்றி எரிந்து அவன் கடலில் விழுகிறான். அதோடு படத்தை முடித்துவிட்டார்கள். எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் அன்றோடு இரண்டு கட்சியாகப் பிரிந்தோம். சிறகன் மௌத்தாகிவிட்டான் என்பது மாமாவின் மகனுடைய கட்சி. உயிரோடிருக்கிறான் என்பது என்னுடையது. குர்ஆன் மதரசா விட்டதும் கடற்கரையில் இழுத்து வைத்திருக்கும் தோணிகளில் ஏறி உட்கார்ந்து தொண்டை கட்டும்வரை வாதாடுவோம். மீன்காரர்கள் வந்து விரட்டினால் அடுத்த தோணிக்கு மாறி வாதத்தைத் தொடர்வோம்.

இந்த நிலையில்தான் ராத்தாவுக்குக் கலியாணம் நடந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். அதனால் நானும் ராத்தாவும் படுத்த அறை அவர்களுக்குப் போனது. என் பாயும் தலையணையும் உம்மாவின் பக்கத்துக்கு வந்தன. அவசரத்தில் கட்டிலுக்கடியில் இருந்த சித்திரக்கதைப் பெட்டியை எடுக்க மறந்துவிட்டேன். புதுமாப்பிள்ளை இருக்கும் அறைக்குள் போகவும் முடியாது, பெட்டியில்லாமல் இருக்கவும் முடியாது. வாசலில் நின்று அழாத குறைதான்.

ஒரு நாள் மத்தியானம் மச்சானே பெட்டியோடு வெளியே வந்தார். ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறவர், அதிகம் கதைக்காதவர், எங்கள் வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றால்கூட ராத்தாவின் முகத்தைப் பார்க்கிறவர். என் பக்கத்தில் குந்தி, ரகசியம் போலக் கேட்டார்: "புள்ள, இதுல நாலாவது புத்தகத்தக் காணல்லயே. கப்பல் தண்ணிக்குள்ள தாண்டதுக்குப் பொறகு என்ன நடந்த?"

அன்று முதல் மச்சான் என் கட்சி. சிறகன் உயிரோடிருக்கிறான் என்பதற்கு என்னைவிட நல்ல காரணங்களை அவர் கண்டுபிடித்துக் கொடுத்தார். நான் அவற்றைத் தோணியில் என் சொந்தச் சரக்காக எடுத்துவிட்டேன். மாமாவின் மகன் திணறிப் போனான்.

ராத்தா கலியாணத்துக்கு ஒரேயொரு நிபந்தனைதான் போட்டிருந்தாள். வெளிநாட்டுக்குப் போகிற மாப்பிள்ளை வேண்டாம். அவள் சின்னவளாக இருந்த காலமெல்லாம் வாப்பா சவுதியில் ட்ரைவர். ஒரு போட்டோவும் எப்போதாவது வரும் ஒரு பெட்டியும்தான் அவளுக்கு வாப்பா. அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்த பிறகு பிறந்தவள் நான். எனக்கு வாப்பா என்றால் பின்வளவில் இருமிக்கொண்டு தேங்காய் உரிக்கிற மனிதர். அதனால் ராத்தாவின் நிபந்தனையை, வெங்காயம் பிடிக்காதவர்கள் வெங்காயம் வேண்டாம் என்பதைப் போன்ற ஒன்றாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

வீடு ராத்தாவுக்கென்று கட்டியதுதான், ஆனால் முடியவில்லை. சுவர்கள் பூசாமல் கிடந்தன. மேல்மாடிக்கு விட்ட கம்பிகள் துருப்பிடித்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. மாமா எங்கோ பிடித்து மச்சானுக்குக் கட்டார் விசா ஒன்று எடுத்தார். வாப்பா தலையாட்டினார். பெண் வீட்டில் சாப்பிடுகிற மருமகன் மாமனாரின் முகத்துக்கு நேரே என்ன சொல்ல முடியும்? மச்சான் "ஓம்" என்றார். எல்லாம் ஆண்களுக்குள்ளேயே முடிந்தது. ராத்தாவுக்கு நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று ஒவ்வொருவரும் மற்றவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

கடைசியில் சொன்னது நான். கட்டாரில் பெரிய தியேட்டர்கள் இருக்கின்றன, இரண்டாம் பாகம் அங்கே முதல் நாளே வரும், போனதும் பார்த்துவிட்டு எனக்குக் கதை சொல்வதாக மச்சான் வாக்குக் கொடுத்திருந்தார். சந்தோஷம் தாங்காமல் குசினிக்குள் ஓடிப்போய், "ராத்தா, மச்சான் கட்டார்ல சிறகன் பாக்கப் போறார்!" என்று கத்தினேன். மீன் வெட்டிக்கொண்டிருந்த ராத்தா கத்தியைக் கீழே வைத்தாள். கையைக் கழுவாமல் அப்படியே எழுந்து அறைக்குள் போனாள்.

அதன் பிறகு அவள் மச்சானோடு கதைக்கவில்லை. ஆனால் அவர் கொண்டுபோக வேண்டிய கொச்சிக்காய்த் தூளுக்கு மிளகாயை அவளே வறுத்து இடித்தாள். இரண்டு பையில் போட்டு, துணியில் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டி, பெட்டிக்குள் வைத்தாள். வேன் வந்த அன்று எல்லோரும் வாசலில் நின்று அழுதார்கள். ராத்தா வெளியே வரவில்லை. நான் மட்டும் வேன் கண்ணாடியில் தொங்கி, "முதல் நாளே பாக்கணும், சரியா?" என்று ஞாபகப்படுத்தினேன். மச்சான் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், கண் மட்டும் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

கட்டாரில் வெள்ளிக்கிழமை லீவு. வாராவாரம் அன்று அசருக்குப் பிறகு உம்மாவின் போனுக்கு மச்சான் எடுப்பார். வாப்பா கதைப்பார், உம்மா கதைப்பாள். உம்மா போனை ராத்தாவிடம் நீட்டும்போது மட்டும் ராத்தாவின் கையில் எப்போதும் ஏதாவது இருக்கும். ஒரு கிழமை ரொட்டி மா, ஒரு கிழமை இறால். மச்சான் அவளுக்கென்று வாங்கி வைத்துவிட்டுப் போன புதுப் போன், பெட்டி பிரிக்காமல் அலுமாரிக்குள் கிடந்தது. போன் சுற்றி வந்து என்னிடம் விழும். எனக்கு அது வசதியாகப் போய்விட்டது.

படம் வெளியான பிறகு வந்த வெள்ளிக்கிழமை, "பாத்துட்டன் புள்ள" என்றார் மச்சான். நான் போனைக் காதோடு அழுத்தினேன். குசினி வாசலில் இருந்த ராத்தா, "காதுல வெச்சிக் கதைச்சாக் காது பழுதாப் போகும். ஸ்பீக்கர்ல போடு" என்றாள். என் காதின் மேல் அவளுக்கு அன்றைக்கு வந்த அக்கறை அதற்கு முன் வந்ததில்லை.

சிறகன் சாகவில்லை! ஒரு கப்பல் அவனைத் தூக்கிக்கொண்டு போய் மணல் நாடு ஒன்றில் இறக்கிவிட்டது. அங்கே சிறகு முளைக்காது. மற்ற ஆட்களோடு ஆளாக அவன் கல் சுமக்கிறான். ஒரே அறையில் கட்டிலுக்கு மேல் கட்டிலாகப் படுக்கிறான். கரையில் லீனா கோபத்தில் விளக்கை அணைத்துவிட்டாள்.

"சண்ட எப்ப வரும்?" என்றேன் நான்.

"வரும், வரும்" என்றார் மச்சான்.

ராத்தா வெங்காயத்திலிருந்து தலையெடுக்காமல் என்னிடம் சொன்னாள்: "கேளு புள்ள. போகக்குள்ள அவன் அவளுக்கிட்டச் சொன்னவனா?"

நான் அஞ்சல்காரன் வேலை பார்த்தேன். மச்சான் கேள்வியை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "சொல்ல வாயெடுத்தான் புள்ள. அவள்ட முகத்தப் பாத்ததும் வாய் வரல்ல. அது பெரிய பிழையெண்டு அவனுக்கு இப்ப நல்லா விளங்குது" என்றார்.

சனிக்கிழமை தோணியில் நான் இதையெல்லாம் சொன்னபோது கூட்டம் முணுமுணுத்தது. "கல்லுத் தூக்குறதா படம்?" என்றான் மாமாவின் மகன். அடுத்த கிழமை சண்டை வரும் என்று சமாளித்தேன்.

வரவில்லை. அடுத்த கிழமை சிறகன் ஒரு பொட்டலத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லீனா கட்டிக் கொடுத்ததாம். அவன் அதைப் பிரிக்கவேயில்லை. அவள் போட்ட முடிச்சு அது, அவிழ்த்தால் பிறகு அப்படிக் கட்ட முடியாது என்று எடுத்து எடுத்து மூக்கில் வைத்து மணந்து பார்த்துவிட்டு வைத்துவிடுகிறான்.

"பிரிக்கச் சொல்லு" என்றாள் ராத்தா பட்டென்று. "மூடியே வெச்சா வண்டு விழுந்திரும்."

எனக்கு எரிச்சல் வந்தது. "அது படம், ராத்தா! படத்துல எப்படி வண்டு விழும்?" என்றேன். போனுக்குள் மச்சான் இருமினாரா சிரித்தாரா தெரியவில்லை. ராத்தா முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். இப்படிக் கோணல் கேள்வி கேட்டுக் கதையைக் குழப்புகிறாளே என்று அவளை முறைத்தேன். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பெருமை. சித்திரக்கதை என்றாலே மூஞ்சியைச் சுளிக்கிறவள், வெள்ளிக்கிழமை அசர் தொழுததும் குசினி வாசலில் வந்து குந்திவிடுகிறாள். என்னால்தான் இவளும் சிறகன் பைத்தியமானாள் என்று நம்பினேன்.

கிழமைகள் போயின. சிறகன் கல் சுமந்துகொண்டேயிருந்தான். எங்கள் தோணியில் ஆள் குறைந்துகொண்டே வந்தது.

அந்த வியாழக்கிழமை மாமாவின் மகன், பஸாரிலுள்ள கொமினிகேஷன் கடையில் இரண்டாம் பாகத்தைப் பென் ட்ரைவில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஒழுங்கையே மாமா வீட்டு டீவிக்கு முன்னால் கூடியது. தமிழில் கதைக்கிற சிறகன் தொடக்கம் முதலே பறந்தான். இரும்பு மனிதர்களை அடித்து நொறுக்கினான். மணல் நாடு இல்லை, கல் இல்லை, பொட்டலம் இல்லை. லீனா மூன்று வசனம் பேசிவிட்டுக் காணாமல் போனாள். விளக்கை அவள் அணைக்கவேயில்லை. படம் முடிய எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "பொய்க்காரி" என்றான் மாமாவின் மகன். சிறகன் சாகவில்லை என்ற என் கட்சி வென்றதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்கு ஓடி வந்து தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அழுதேன். என் வாழ்க்கையில் அதுவரை யாரும் எனக்கு அப்படியொரு துரோகம் செய்ததில்லை.

மறுநாள் போன் வந்ததும் உம்மாவின் கையிலிருந்து பறித்தேன். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கத்தினேன்: "நீங்க பொய் சொல்லிட்டீங்க! பென்ல படம் பாத்துட்டம். அதுல கல்லுமில்ல, பொட்டலமுமில்ல. நீங்க படம் பாக்கவேயில்ல!"

மச்சான் நின்றது ரோட்டோரம் போல. பின்னால் லொறியொன்று போகிற சத்தம் கேட்டது.

"ஓம் புள்ள, பாக்கல்ல" என்றார். "இஞ்ச தியேட்டர் எந்தப் பக்கம் எண்டும் எனக்குத் தெரியா. எனக்குத் தெரிஞ்ச படத்தத்தான் சொன்னன்."

நான் அடுத்ததைத் திட்ட வாயெடுக்குமுன் ராத்தா எழுந்து வந்தாள். அன்று அவள் பிசைந்துகொண்டிருந்தது அரிசி மா. கையெல்லாம் மாவோடு போனை என்னிடமிருந்து வாங்கினாள்.

"இஞ்ச பாருங்க" என்றாள். அத்தனை மாதத்தில் அவருக்கு அவள் சொன்ன முதல் வார்த்தை அது. "மிச்சத்த எனக்கிட்டச் சொல்லுங்க."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. துரோகம் செய்யப்பட்டவள் நான். கேள்வி கேட்க வேண்டியவள் நான். கதவில் காதை வைத்தேன். மச்சானின் குரல் தணிந்து தணிந்து கேட்டது, ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பிறகு ராத்தா அழுகிற சத்தம். அடக்கி அடக்கி, தேம்பித் தேம்பி அழுதாள்.

என் கோபமெல்லாம் ஓடிப்போனது. பாவம், அவளும் என்னைப் போலவே ஏமாந்துவிட்டாள். ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறாமல் வந்திருந்து கேட்டவள். எல்லாம் பொய் என்றதும் மனம் உடைந்துவிட்டது. ஒரு படத்துக்காக இப்படி அழுகிறாளே! கதவிடுக்கில் வாயை வைத்து அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.

"அழாத ராத்தா. பென்ல உண்மையான படம் இரிக்கி. நான் வாங்கிட்டு வந்து காட்டுறன்."

உள்ளே அழுகை சட்டென்று நின்றது. ராத்தா சிரித்தாள். போனுக்குள்ளிருந்து மச்சானும் சிரித்தார். ஒருத்தி நல்ல மனதோடு ஆறுதல் சொன்னால் இப்படியா சிரிப்பது என்று எனக்கு மறுபடியும் கோபம் வந்துவிட்டது.