தூக்கிப் போடச் சொன்னார் மேனேஜர்

மொழிபெயர்ப்பு என்பது இரண்டு தரப்புத் திட்டையும் ஒருவனே வாங்கிக்கொள்ளும் உத்தியோகம். இருவருக்கு நடுவே நின்று பேச்சு மாற்றிக் கொடுத்திருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். எழுபதுகளில், அபுதாபி பக்கம் அல் ஐனில் சாலை போடும் கம்பெனி கேம்ப்பில் நான் கிளார்க். வெள்ளைக்கார மேனேஜர் சொல்வதை நம் ஆட்களுக்குத் தமிழில் சொல்வதும் என் தலையில்தான். ஒரு பொருளை ஒழித்துக்கட்ட அவரிடம் விதவிதமான வார்த்தைகள்: ஸ்க்ராப், டிஸ்கார்ட், டிஸ்போஸ். எல்லாவற்றுக்கும் 'தூக்கிப் போடு' என்றே நான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மரப்பெட்டி

மிஷின் வந்து இறங்கிய மரப்பெட்டிகளை 'ஸ்க்ராப்' என்றார் மேனேஜர். மறுநாள் பார்த்தால் அதெல்லாம் ரூமுக்கு ரூம் பெஞ்சு, சமையற்காரர் சுப்பையாவுக்கு மசாலா அலமாரி. இதென்ன அண்ணே என்றேன்.

"நல்ல பலகை தம்பி. அவருக்கு வேணாம்னா வேணாம்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க."

பழைய சோறு

மிஞ்சிய சோற்றை வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைப்பார் சுப்பையா. காலையில் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு ஆளுக்கொரு கும்பா குடித்துவிட்டுத்தான் வெயிலில் தார் போடப் போவார்கள். ஒருநாள் மேனேஜர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். ஒரே நுரை. 'டிஸ்போஸ்' என்றார். மறுபடி கண்ணில் பட்டால் சமையற்காரரையும் ஊருக்கு அனுப்பிவிடுவாராம்.

கல்ஃப் வேலையைச் சொல்லித்தான் சுப்பையா மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார். கொட்டிவிடுங்கள் அண்ணே என்று கெஞ்சினேன். அவர் வாளியை மூடி வைத்தார்.

"சோத்தைக் கீழ கொட்டுன கையால நாளைக்கு எப்படித் தம்பி உலை வைக்கிறது?"

சுப்பையா

அடுத்த வாரம் மேனேஜர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். வாளியைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். சுப்பையாவைக் காட்டி 'டெர்மினேட்' என்றார். ஒருவனுக்கும் வயிற்றுக்கு ஒன்றும் வந்ததில்லை சார் என்று எவ்வளவோ சொன்னேன். அவர் காரில் ஏறிவிட்டார்.

மனுஷனைத் தூக்கிப் போடு என்று சொல்ல முடியுமா? "இங்க வேலை முடிஞ்சிடுச்சுண்ணே, ஊருக்குக் கிளம்பணும்" என்றேன். சுப்பையா கும்பாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குப் பக்குவமாச் சொல்லிட்டீங்க தம்பி. சம்பந்தி வீட்டுல இதை எந்த வார்த்தையில சொல்றதுன்னும் நீங்களே சொல்லிக் குடுத்துடுங்க."

அதற்கு எனக்குத் தமிழ் வரவில்லை. ஆபீசுக்குப் போய் மேனேஜரிடம் இங்கிலீஷில் 'டன், சார்' என்றேன், அது மட்டும் சுலபமாக வந்தது.