தெற்கு வாசல் ட்ரெயிலர்

மகனுடைய பேஸ்மென்டுக்குப் போகக்கூடாது. அந்த வருடம் எனக்கு வேறு நேர்த்தி இருக்கவில்லை.

செயின்ட்-மிஷேலில் நாங்கள் இருபது வருடத்துக்கு மேல் வாடகைக்கு இருந்த மேல்மாடியை, வீட்டுக்காரன் தன் மகளுக்கு வேண்டுமென்று கேட்டுவிட்டான். யூன் முடிய வெளியேற வேண்டும். மகன் உடனே நகரத்தின் மற்றக் கோடியில், இல்-பிசாரில், தன் வீட்டுப் பேஸ்மென்டைத் துப்பரவாக்கத் தொடங்கினான். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அங்கே நான் பனி கொட்டுகிற ஒரு மாரிகாலம் இருந்து பார்த்தவள். அடுப்பு மேலே, மருமகளின் ஆட்சியில். மீன் பொரித்தால் மூன்று நாளைக்கு முகம் தரமாட்டாள். "மாமி, உங்கட உடுப்பெல்லாம் மணக்குது" என்று பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லுவாள். எங்கேயாவது போவமென்றால் பஸ் எப்போது வருமென்று அந்தப் பஸ்சுக்கே தெரியாது. நான் வாய் திறவாதவள். அதனால் எனக்கு எல்லாம் வசதி என்று அவர்களே முடிவுகட்டிக்கொண்டார்கள்.

வேறு வீடு தேடினோம். இப்போது கேட்கிற வாடகைக்கு எங்கள் இரண்டு பென்சனும் சேர்ந்தாலும் கிட்டப் போகாது. அப்போதுதான் இவர் வண்டி வீட்டுக் கதையை எடுத்தார். இவரோடு உணவகத்தில் கோப்பை கழுவிய ஒருவர் வருடம் முழுக்க அப்படித்தான் இருக்கிறாராம். இவருடைய கண் முழுக்க எஞ்சின் வைத்த பெரிய வண்டியில். முன்னால் ஸ்டியரிங், பின்னால் கட்டில்.

"எஞ்சின் பழுதானால் என்னப்பா செய்யிறது?"

"கராஜில விடுறது."

"அப்ப நாங்கள் எங்க படுக்கிறது?"

அந்த வண்டி அதோடு சரி. எஞ்சின் இல்லாத, வேறு வண்டியில் கொழுவி இழுக்கிற பழைய ட்ரெயிலர் ஒன்றை வாங்கி ஒரே இடத்தில் நிறுத்திவிடுவது என்று தீர்ந்தது. முதலில் பார்த்த இரண்டும் ஊத்தை. ஒன்றின் தரை காலுக்குக் கீழே தேத்தண்ணியில் நனைந்த பாண் துண்டு மாதிரி அமிழ்ந்தது. விற்றவன் மணம் தெரியாமலிருக்க சென்ட் அடித்து வைத்திருந்தான், கள்ளன்.

மூன்றாவது, வண்டி வீடுகள் நிறுத்துகிற, மாரியிலும் பூட்டாத ஒரு முகாமில் நின்றது. ஒரு பிரெஞ்சுக் கிழவர் விற்றார். மகனும் வந்தான். கார் ஓட்ட வருகிறேன் என்றான், குழப்பத்தான் வந்தான்.

நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கழுவும் தொட்டிக்கு முன்னால் பெருவிரலால் அமத்தினேன். கல்லுப் போல இருந்தது. அலுமாரிகளுக்குள் தலையை விட்டு மணந்தேன். பூஞ்சண மணம் இல்லை. யன்னல் மூலைகளில் கறுப்பு இல்லை. தண்ணிக் குழாய்கள் வெளியே தொங்காமல் உள்ளே சூட்டோடு ஓடின. மூன்று அடுப்பு, மூன்றும் பற்றின. என் அடுப்பு. என் கதவு.

வெளியே மகன் தொடங்கிவிட்டான்.

"அப்பா, சனம் என்ன கதைக்கும்? தாய் தேப்பனை வண்டிலில விட்டவன் எண்டெல்லோ சொல்லுங்கள்."

"சனம் வந்து வாடகை கட்டுமோ?" என்றார் இவர்.

மகன் போனை எடுத்தான். திருநீறு பூசினால் கோயில் வாசலிலேயே துடைக்கிறவன், போனில் திசை பார்த்தான்.

"அப்பா, வாசல் தெற்கு."

இவருடைய முகம் செத்துப்போனது. மகன் வீடு வாங்கும்போது கிழக்கு வாசல் கிடைக்கும்வரை ஏழு வீட்டைத் தட்டிக் கழித்தவர் இவர்.

"நல்லாப் பாத்தனியோ?"

"யமன்ர பக்கம், அப்பா."

"அப்ப வேண்டாம்." கிழவருக்கு ஒரு மெர்சி சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

ஆம்பிளைகள் கதைக்கிற இடத்தில் அதுவரை நான் வாய் திறந்ததில்லை. அன்றைக்குக் கோபம் வெட்கத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தது.

"இஞ்சாருங்கோ! இதுக்கென்ன அத்திவாரமே போட்டிருக்கு? குனிஞ்சு பாருங்கோ. உருளுற சில்லு!"

"அம்மா, நீங்கள் சும்மா இருங்கோ."

"நீ சும்மா இரு. உன்ர வாசல் கிழக்குத்தானே? உள்ளுக்க என்ன வாழுது?"

நான் கிழவரிடம் போனேன். கார்தெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், சமையலறையில் வேலை செய்தபோது பொறுக்கிய பிரெஞ்சு கொஞ்சம் இருந்தது. கையைச் சுற்றிக் காட்டி, திருப்பலாமோ என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு போய்ப் பிக்கப்பைக் கொண்டுவந்து கொழுவினார். வெளியே இழுத்து, மற்றப் பக்கமாகப் பின்னுக்கு விட்டார். தேத்தண்ணி ஊத்திக் குடிக்கிற நேரம்தான். கிழக்கே திருப்ப அந்தக் காணித்துண்டில் அகலம் இல்லை. வாசல் வடக்கானது.

"குபேரன்ர வாசல்" என்றார் இவர், ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல. மகன் காருக்குள் இருந்து ஹோர்ன் அடித்தான். அடிக்கட்டும் என்று விட்டு, அங்கேயே விலை பேசி முடித்தோம்.

திருப்பியதால் முகாமின் தண்ணிக் குழாய் பிழையான பக்கம் போய்விட்டது. தண்ணி உறையாமலிருக்க, சூடேற்றும் வயர் சுற்றிய நீளக் குழாய் வாங்க வேண்டி வந்தது. மாரி தொடங்கத்தான் வடக்கு வாசலின் குணமும் தெரிந்தது. கதவைத் திறந்தால் காற்று கன்னத்தில் அறையும். இவர் முறைப்பட்டால், "குபேரன் வாறான், வழியை விடுங்கோ" என்பேன்.

தை மாதம் ஒரு ஞாயிறு, ஆறு மாதத்துக்குப் பிறகு, மகன் வந்தான். தனியாக. யன்னலால் பார்த்தேன். தொப்பி இல்லை, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு காலால் கதவைத் தட்டினான்.

"அம்மா, திறவுங்கோ! விறைக்குது!"

"மீனைப் பிரட்டிப்போட்டு வாறன்" என்றேன்.

சட்டியில் நாலு துண்டு கிடந்தது. அவசரமில்லாமல் ஒவ்வொன்றாகப் பிரட்டினேன்.