கத்தாமல் போன பிரேக்

காலை எட்டேகால். நான் முதலில் பார்த்தது லாரியின் பின்பலகையில் மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்த 'ஒலி எழுப்பவும்' என்ற இரண்டு சொற்களை. அவை பெரிதாகிக்கொண்டே வந்தன. ஸ்கூட்டரின் முன்னால், அம்மாவின் இரு கைகளுக்கு நடுவே நான் நின்றிருந்தேன். அதியமான்கோட்டையில் எங்கள் தெரு சரிந்து இறங்கி நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் முடியும். லாரி அங்கேதான் நின்றிருந்தது. அம்மா வலது கைப் பிரேக்கை முழுவதும் அழுத்திவிட்டாள். வண்டி நிற்கவில்லை.

அதற்கு முந்தைய பத்து நாட்களாக அந்த வண்டி கத்திக்கொண்டிருந்தது. வேகமாகப் போனால் சத்தமே இருக்காது. தெருமுனையில் திரும்பும்போதும் பள்ளி வாசலில் மெதுவாக வந்து நிற்கும்போதும் மட்டும் நீளமாக ஒரு கிறீச். என் வகுப்பில் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். "ஏ, உங்கம்மா கிளி வந்துருச்சுடீ" என்று ஜன்னலில் இருந்து குரல் வரும். நான் பை கனக்கிற மாதிரி குனிந்துகொண்டே உள்ளே போவேன்.

வண்டியின் நோயைக் கண்டுபிடிப்பதில் உறவினர்கள் யாரும் சளைக்கவில்லை. அத்தை, ஆயுத பூஜைக்கு வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைக்காததை நினைவுபடுத்தினாள். பெரியப்பா சக்கரத்தருகே குந்தி, வண்டியை உருட்டச் சொல்லி, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "பேரிங்" என்று தீர்ப்பளித்தார். அவர் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மதிப்பு உண்டு. இரும்புக் கேட், கிணற்று ராட்டினம், டிராக்டர் டிரெய்லர் என்று கத்துகிற எதையும் அவர் இரண்டு சொட்டு எண்ணெயில் அடக்கியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்துப் போனேன். முன்சக்கரத்தில் ஓட்டை ஓட்டையாக ஒரு இரும்புத் தட்டு இருந்தது. சத்தம் அங்கிருந்துதான் வந்தது. கிளி பெரிது என்பதால் இரண்டு சொட்டு போதாது என்று பட்டது. மூன்று மூடி ஊற்றினேன்.

மறுநாள் காலை வண்டியை வாசலில் உருட்டியபோது சத்தமே இல்லை. "அட, தானா சரியாயிருச்சு" என்றாள் அம்மா. பள்ளி வாசலில் இறங்கிய பிறகு உண்மையைச் சொல்லிப் பாராட்டு வாங்குவது என் திட்டம்.

சரிவில், லாரி நெருங்க நெருங்க, அம்மா இடது கைப் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, இரண்டு கால்களையும் தரையில் தேய்த்தாள். அவள் செருப்பு ஒன்று கழன்று பின்னால் போனது. நான் கைநீட்டினால் லாரியைத் தொடலாம் என்கிற இடத்தில் வண்டி நின்றது. அம்மா என் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். "ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல" என்றாள். எனக்கோ அழுகையே வரவில்லை. அந்தச் செருப்பு என்ன ஆயிற்று என்பதே கவலை.

சர்வீஸ் ரோட்டு மெக்கானிக் முதலில் கேட்டது சத்தத்தைப் பற்றி.

"மெதுவா போறப்ப மட்டும் கத்துச்சுங்களா அக்கா?"

"ஆமாங்க. இன்னிக்குத்தான் நின்னுச்சு."

"பிரேக் பேட் தேஞ்சா அப்படித்தாங்க கத்தும். கத்துனது நல்லதுங்க, மாத்தச் சொல்லுது. நின்னதுதான் வம்பு."

இரும்புத் தட்டை விரலால் வழித்து முகர்ந்து பார்த்தார். பிறகு எண்ணெய் வழிய வாரிப் பின்னியிருந்த என் இரட்டைச் சடையைப் பார்த்தார். நான் சடைகளை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

"வண்டி நிறுத்துற எடத்துல ஏதோ எண்ணெய் சிந்தியிருக்குதுங்க, அதான் பிரேக் பிடிக்கல" என்றார் அம்மாவிடம். தட்டைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, புது பேட் போட்டார். அம்மா சரிவில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள். இரண்டு முறையும் பிடித்த இடத்தில் நின்றது.

அவருக்குத் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை என்ற நிம்மதியில் அன்று மதியம் எல்லாச் சோற்றையும் தின்றேன்.

மறுநாள் முதல் தேங்காய் எண்ணெய் பாட்டில் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. அம்மாவுக்கே ஸ்டூல் போட்டால்தான் எட்டும்.